கால் மதமதப்புக்கு வைட்டமின் மாத்திரை: தொடங்கும் முன்பும் தொடங்கிய பின்பும் செய்ய வேண்டியவை

பாதம் எரிகிறது, விரல் நுனி மரத்துப் போகிறது என்று மருந்துக் கடையில் சொன்னால் உடனே கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு 'நரம்பு மாத்திரை' அட்டைதான். மெத்தில்கோபாலமின் (பி12), பைரிடாக்சின் (பி6), ஃபோலிக் அமிலம், ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்று பின்பக்கம் ஐந்தாறு பெயர்கள் இருக்கும். சிலருக்கு அது நன்றாக வேலை செய்கிறது. நிறையப் பேருக்கு மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஒன்றும் நடப்பதில்லை. அளவு தெரியாமல் சாப்பிடும் சிலருக்கு வைட்டமினே நரம்பைக் கெடுத்தும் விடுகிறது.

எந்த வைட்டமின் குறைந்ததால் நரம்பு கெட்டதோ, அந்த வைட்டமினைக் கொடுத்தால்தான் அந்த நரம்பு தேறும். குறையே இல்லாத வைட்டமினை அள்ளிப் போட்டால் நரம்புக்குக் கூடுதல் பலம் வந்துவிடாது. அதனால் எந்த மாத்திரை நல்லது என்று கேட்பதற்கு முன், எனக்கு எது குறைகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லும் வரிசை அதற்காகத்தான். அளவுகளைப் பொதுவாகத் தந்திருக்கிறேன். உங்களுக்கான அளவை உங்கள் ரத்த அறிக்கையையும் மற்ற மருந்துகளையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

படி 1: இது நிதானமாகப் பார்க்கக்கூடிய பிரச்சினையா?

வழக்கமான நியூரோபதி, அதாவது நரம்பு பாதிப்பு, இரண்டு காலிலும் ஒன்றுபோல், கால்விரல்களில் தொடங்கும். மாதக்கணக்கில் மெல்ல மேலேறும். கெண்டைக்கால் வரை வந்த பிறகே பெரும்பாலும் கைவிரல் நுனிகளில் மதமதப்பு ஆரம்பிக்கும். ராத்திரி படுத்ததும் எரிச்சல் கூடும். தரையில் நடந்தால் பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கும். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நாலடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிகளிடம் மருத்துவர்கள் இதைக் குறிப்பாகவே கேட்பார்கள். உங்கள் தொந்தரவு இந்த வகை என்றால் பரிசோதனை செய்ய அவகாசம் இருக்கிறது.

சில விஷயங்களுக்கு அவகாசம் இல்லை. ஓரிரு நாளில் கால் பலம் குறைந்து, உட்கார்ந்தால் எழ முடியாமல் போனால், கூடவே விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால், நரம்புகளை வேகமாகத் தாக்கும் கில்லன் பாரே நோயாக இருக்கலாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு பக்கக் கை, கால், முகம் திடீரென்று மரத்தால் பக்கவாதமாக இருக்கலாம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலும், உட்காரும் இடத்தைச் சுற்றி உணர்ச்சி இல்லாமல் போனாலும் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு. தோலில் வெளிறிய தேமல் இருந்து, அதன் மேல் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சீக்கிரம் தொடங்கினால் நரம்பைக் காப்பாற்றலாம். ஒரு கையில் மட்டும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறீர்களா? அது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. இரண்டுக்கும் வைட்டமின் மருந்தாகாது.

படி 2: மாத்திரைக்கு முன்னால் ரத்தம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இந்தப் படியைக் கடைப்பிடியுங்கள். பலர் பத்து நாள் மெத்தில்கோபாலமின் சாப்பிட்டுவிட்டு, சரியாகவில்லை என்று பிறகு ரத்தம் கொடுக்கப் போகிறார்கள். அறிக்கையில் பி12 அமோகமாக இருக்கிறது. அதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. குறைபாடு இருந்ததா, ஊசி தேவையா, வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த முதல் எண்ணில்தான் இருந்தது.

பார்க்க வேண்டியவை: பி12, முழு ரத்த எண்ணிக்கை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை. காரணம் பிடிபடாவிட்டால் ரத்தப் புரதப் பகுப்பாய்வு, எச்.ஐ.வி., நரம்புக் கடத்தல் சோதனை என்று மருத்துவர் அடுத்த கட்டத்துக்குப் போவார். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அதிக அளவு பயோட்டின், தைராய்டு உள்ளிட்ட சில சோதனைகளின் முடிவைப் பொய்யாகக் காட்டும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கான பான்டோபிரசோல், ஒமிபிரசோல், காசநோய் மாத்திரை, வலிப்புக்கான ஃபெனிடாயின், புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தின் பெயர் எல்லாமே முக்கியம். மது அருந்துபவர் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுக்கும் மாத்திரை வீண்.

படி 3: பி12 குறைவாக இருந்தால்

வைட்டமினால் உண்மையாகவே பலன் கிடைக்கும் இடம் இதுதான். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை நன்றாக இருக்க பி12 வேண்டும். அது குறைந்தால் கால் நரம்பு மட்டுமல்ல, தண்டுவடமும் கெடும். நடை தள்ளாடும், மறதி வரும். நெடுநாள் கவனிக்காமல் விட்டால் முழுவதுமாகத் திரும்பாது.

அறிக்கையில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்றே எடுத்துக்கொள்வார்கள். 200 முதல் 300 வரை இழுபறி எல்லை. அங்கே மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் ஆகிய இரண்டையும் பார்த்தால் தெளிவு கிடைக்கும். உடலுக்குள் உண்மையிலேயே பி12 பற்றாமல் போனால் இவை ரத்தத்தில் கூடும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் கூடும் என்பதால் கிரியேட்டினினோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சில நாடுகளில் அறிக்கை பிகோமோலில் வரும். அங்கே 148 என்பது இங்கே 200. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, அதனால் பி12 குறைபாடு இருக்காது என்று நினைக்கக் கூடாது. ரத்தசோகை வராமலே நரம்பு மட்டும் கெடுவது உண்டு.

யாருக்குக் குறையும்? சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், வயதானவர்கள், வயிறு அல்லது சிறுகுடலின் கடைப்பகுதியில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், எடைக் குறைப்பு அறுவை செய்தவர்கள், பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள். மெட்ஃபார்மின் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அளவும் ஆண்டுகளும் கூடக்கூட பி12 குறையும் வாய்ப்பும் கூடுகிறது. 2022ல் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, மெட்ஃபார்மின் எடுப்பவரிடம் குறைபாட்டு அறிகுறி தெரிந்தால் பி12 பார்க்கச் சொன்னது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அவ்வப்போது பார்ப்பதையும் யோசிக்கச் சொன்னது. சர்க்கரையாலும் கால் மரக்கும், பி12 குறைந்தாலும் கால் மரக்கும். எல்லாவற்றையும் சர்க்கரை மேல் போட்டுவிட்டால், சரிசெய்யக்கூடிய பாதி கைநழுவிப் போகும். சைவம் சாப்பிடும் அம்மாவுக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின் என்றால், மதமதப்பு இல்லாவிட்டாலும் ஒருமுறை பி12 பார்த்துவிடுங்கள். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது நல்ல மருந்து, குறையும் வைட்டமினை ஈடுகட்டினால் போதும்.

ஊசியா மாத்திரையா? நரம்பு அறிகுறி இருக்கும்போது பெரும்பாலான மருத்துவர்கள் ஊசியில்தான் தொடங்குவார்கள். 1000 மைக்ரோகிராம், முதலில் நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு. பிரிட்டனில் நரம்பு பாதிப்புக்கு ஹைட்ராக்சோகோபாலமின் (பி12இன் ஒரு வடிவம்) ஊசியை ஒன்றுவிட்டு ஒரு நாள், மேலும் முன்னேற்றம் இல்லை என்ற நிலை வரும் வரை போட்டு, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வைக்கிறார்கள். அறிகுறி தணிந்த பிறகும், லேசான குறைபாட்டுக்கும் தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை பலருக்குப் போதும். வயிற்றில் சுரக்கும் புரதத்தின் துணையோடு ஒரு வேளையில் ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான் உடலில் சேரும். அது இல்லாமலே சுமார் ஒரு சதவீதம் தானாக உள்ளே போகும். 1000 போட்டால் பத்து மைக்ரோகிராம். ஒரு நாள் தேவையே இரண்டரை மைக்ரோகிராமுக்குள் என்பதால், உறிஞ்சும் திறன் கெட்டவருக்கும் இந்த வழி கைகொடுக்கிறது.

பி12இன் வடிவங்களில் மெத்தில்கோபாலமினா, சயனோகோபாலமினா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். நம் ஊர் அட்டைகளில் பெரும்பாலும் மெத்தில்தான் கிடைக்கும். போதுமான அளவும், விடாமல் எடுப்பதும்தான் முக்கியம்.

ஃபோலிக் அமிலம் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாக எடுத்தால் ரத்தசோகை சரியாகி, எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். 5 மி.கி. ஃபோலிக் மாத்திரையைத் தனியாகத் தொடங்கும் முன் பி12 பார்த்தாக வேண்டும்.

உணவில் பால், தயிர், முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றில் பி12 உண்டு. முருங்கைக் கீரையில் எவ்வளவோ சத்து இருந்தாலும் பி12 இல்லை. பழைய சோற்றில் நிறைய இருக்கிறது என்று பரவும் செய்தியை நம்பி, மரத்துப் போன காலோடு காத்திருக்காதீர்கள். குறைபாடு வந்த பிறகு உணவால் மட்டும் ஈடுகட்டுவது கடினம்.

படி 4: பி6 அளவைக் கூட்டிப் பாருங்கள்

பி6, அதாவது பைரிடாக்சின், அதிகமானால் இதே நியூரோபதியைத்தான் உண்டாக்கும். 1983ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஏழு பேரின் விவரம் வெளியானது. தினம் 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்தவர்கள். கால் மரத்து, நடை தள்ளாடி, இருட்டில் நிற்க முடியாமல் போனவர்கள். அதன் பிறகு, அதைவிட எவ்வளவோ குறைந்த அளவை நெடுநாள் எடுத்தவர்களிடமும் பாதிப்பு பதிவானது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான உச்ச வரம்பு நாளுக்கு 100 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் தன் வரம்பை 12 மி.கி. ஆகக் குறைத்தது. ஆஸ்திரேலியாவில் தினம் 10 மி.கி.க்கு மேல் தரும் வைட்டமின் தயாரிப்புகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். நம் ஒரு நாள் தேவை சுமார் 2 மி.கி.தான்; சாதாரணச் சாப்பாட்டிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இப்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். 'பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு' என்ற வரியைத் தேடி, பக்கத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை பலவற்றில் அது 3 மி.கி. இருக்கும், கவலையில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் கிடைக்கும் சில நரம்பு வைட்டமின்களில் ஒரே மாத்திரையில் 100, 200 மி.கி. இருக்கும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி மாத்திரைதான். ஒருவர் காலையில் ஒரு பி காம்ப்ளெக்ஸ், மதியம் ஒரு மல்டிவைட்டமின் எடுக்கிறார், அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய 100 மி.கி. மாத்திரையைக் காலை, இரவு இரண்டு வேளை எடுக்கிறார் என்று வையுங்கள். முதல் இரண்டிலும் சேர்ந்து ஏழெட்டு மி.கி., கடைசியில் 200. மொத்தம் 200ஐத் தாண்டிவிட்டது. கால் எரிச்சல் கூடுகிறது என்று அவர் இன்னொரு மாத்திரை சேர்ப்பார். இந்தச் சுழலில் மாட்டிக்கொள்வது சுலபம். அதனால் வீட்டில் உள்ள எல்லா அட்டைகளின் பி6 அளவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். சத்து மாவு, புரோட்டீன் பவுடர், எனர்ஜி பானம் இவற்றின் டப்பாவையும் விடாதீர்கள்.

கூட்டுத்தொகை பத்தைத் தாண்டி, அதற்கு மருத்துவக் காரணமும் இல்லையென்றால் குறைத்துவிடுவதே சரி என்பது என் கருத்து. அதிக அளவை நெடுநாள் எடுத்தவர்கள் நிறுத்திய பிறகும் சில வாரம் தொந்தரவு கூடுவது போலத் தெரியலாம். பிறகுதான் மெல்லத் தணியும். சிலருக்கு முழுவதும் தணியாது.

மருத்துவக் காரணம் என்றது முக்கியமாகக் காசநோயை மனதில் வைத்து. காசநோய் மருந்தான ஐசோனியாசிட் உடலின் பி6ஐக் குறைக்கும். அதனால்தான் காசநோய் மாத்திரையோடு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் பைரிடாக்சின் தருகிறார்கள். அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

படி 5: பி1 யாருக்கு வேண்டும்?

பி1, அதாவது தயமின், குறைந்தால் வருவது நரம்பையும் இதயத்தையும் பாதிக்கும் பெரிபெரி நோய். தீட்டிய வெள்ளை அரிசியே உணவாக இருந்த இடங்களில் இது ஒரு காலத்தில் பெரும் நோயாக இருந்தது. பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 1918ல் குன்னூரில் ஓர் ஒற்றை அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் பிற்பாடு வளர்ந்து ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது.

இன்றைக்கு இந்தக் குறைபாடு வருவது பெரும்பாலும் தினமும் குடிப்பவர்களுக்கு. கர்ப்பத்தில் ஓயாத வாந்தி, எடைக் குறைப்பு அறுவை, நீர் பிரிய நெடுநாள் எடுக்கும் ஃப்ரூஸ்மைடு, டயாலிசிஸ் ஆகியவையும் காரணமாகலாம். இவர்களுக்குத் தயமின் தாராளமாகக் கொடுப்பது வழக்கம்; மாத்திரையாக 100 மி.கி. பரவலாகப் பயன்படுகிறது. குடிப்பவருக்குக் குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் சேர்ந்து வந்தால் போதை என்று விட்டுவிடாதீர்கள். அது மூளையைப் பாதிக்கும் வெர்னிக்கி நோயாக இருக்கலாம்; உடனே தயமின் ஊசி போட வேண்டும். குடியை விடாமல் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு நரம்பு தேறுவது கடினம், ஏனென்றால் மதுவே நேரடியாகவும் நரம்பைத் தாக்குகிறது.

பென்ஃபோடயமின் என்பது நன்றாக உறிஞ்சப்படும் தயமின் வகை. சர்க்கரை நியூரோபதியில் சில வார ஆய்வுகளில் எரிச்சல் குறைந்தது. இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நரம்பின் செயல்பாடு மேம்படவில்லை.

படி 6: அட்டையில் உள்ள மற்றவை

ஆல்ஃபா லிபோயிக் அமிலம் வைட்டமின் இல்லை. சர்க்கரை நியூரோபதிக்கு 600 மி.கி. அளவில் பல ஆய்வுகள் நடந்தன. சில வாரத்தில் ஓரளவு நிவாரணம் காட்டின. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டு 2024ல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, ஆறு மாதத்துக்கு மேல் பார்த்தால் அறிகுறிகளில் சொல்லும்படியான பலன் அநேகமாக இல்லை என்றது. காசு கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான் சொல்வேன். குமட்டல் வரலாம்; அபூர்வமாகச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியதும் உண்டு.

அசிட்டைல் கார்னிடைனைப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸேன் மருந்து ஏற்றிக்கொண்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், நியூரோபதியைத் தடுக்கக் கொடுத்த இதுவே அதை மோசமாக்கியது. கீமோ நடக்கும்போது எந்தச் சத்து மாத்திரையானாலும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

துத்தநாகத்தைக் கவனியுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய 50 மி.கி. ஜிங்க் மாத்திரையை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். நெடுநாள் அதிக ஜிங்க் எடுத்தால் உடலில் தாமிரம் குறையும். தாமிரக் குறைபாடு பி12 குறைபாடு போலவே நடையையும் காலையும் கெடுக்கும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் நிரப்பலாம். ஆனால் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட்டைத் தினம் ஒன்று எடுத்தால் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும். வைட்டமின் ஈ, கொழுப்பு உறிஞ்சாத நோய்கள் உள்ளவர்களுக்கு மட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இதனால் ரத்தக் கசிவு வரும் ஆபத்து உண்டு.

படி 7: தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள்

சரி, குறைபாடு தெரிந்து மாத்திரையோ ஊசியோ தொடங்கிவிட்டீர்கள். முதல் நாளே ஒரு நோட்டில் எழுதுங்கள்: மதமதப்பு எதுவரை இருக்கிறது (விரல், பாதம், கணுக்கால்), ராத்திரி எரிச்சல் பத்துக்கு எத்தனை, கண்ணை மூடி நின்றால் ஆடுகிறதா (பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்). மாதம் ஒருமுறை அதையே திரும்ப எழுதுங்கள். நரம்பு மெல்லத்தான் தேறும் என்பதால் நினைவை மட்டும் நம்பினால் முன்னேற்றம் தெரியாது.

பி12 கொடுத்ததும் ரத்தம் ஓரிரு வாரத்தில் மாறத் தொடங்கும். நரம்புக்குச் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். ஆரம்பத்தில் குத்தல் கொஞ்சம் கூடுவதும் உண்டு, அதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம். மூன்று மாதத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். காரணம் வேறு எதுவும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் திரும்பப் போங்கள். உறிஞ்சும் திறன் நிரந்தரமாகக் கெட்டவர்கள் பி12ஐ வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும். நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் சில மாதத்திலோ வருடத்திலோ குறைபாடு திரும்பும்.

படி 8: எந்த மருந்து வலியைக் குறைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிரிகாபலின் 75 மி.கி.யும் மெத்தில்கோபாலமினும் சேர்ந்த கேப்ஸ்யூல் நம் ஊரில் ஏராளமாக எழுதப்படுகிறது. சாப்பிட்ட சில நாளிலேயே எரிச்சல் அடங்கும். 'நரம்பு சத்து மாத்திரை நல்லாக் கேட்குது' என்று அதைச் சொந்தக்காரர்களுக்கும் சிபாரிசு செய்வார்கள். அவ்வளவு வேகமாக வலியை அடக்கியது பிரிகாபலின், வைட்டமின் இல்லை. பிரிகாபலின் வலியை உணர்த்தும் சமிக்ஞையைக் குறைக்கிறதே தவிர நரம்பைச் சரிசெய்வதில்லை. தூக்கம், தலைச்சுற்றல், கால் வீக்கம் வரலாம். வயதானவர் ராத்திரி எழுந்து விழக்கூடும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். வைட்டமின்தானே என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொருவர் அட்டையிலிருந்து நாலு மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது.

சர்க்கரையால் வந்த நியூரோபதிக்கு எந்த வைட்டமினும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு ஈடாகாது. 1993ல் முடிவு வெளியான அமெரிக்காவின் பெரிய ஆய்வில், முதல் வகை சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையை இறுக்கமாக வைத்திருந்ததால் நியூரோபதி சுமார் 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் பலன் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் உண்டு.

மாத்திரை வேலை செய்கிறதோ இல்லையோ, உணர்ச்சி குறைந்த காலைத் தினமும் பார்க்க வேண்டும். ராத்திரி கால் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலின் கீழே ஒரு கண்ணாடியை வைத்தோ வீட்டில் ஒருவரிடம் காட்டியோ பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, முள் எதுவும் வலிக்காமலே இருக்கும். வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். கோயிலில் வெறுங்காலோடு வெயிலில் சுற்றும்போது கல் சுடுவது தெரியாது. வெயில் ஏறும் முன் காலையிலேயே போய் வந்துவிடுங்கள். காயம் சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையும், அதிர்வு உணர்வைப் பார்க்கும் சோதனையும் செய்துகொள்ளுங்கள். கேட்டால்தான் செய்வார்கள் என்ற இடங்களில் கேட்டே செய்துகொள்ளுங்கள்.